உப்புப் பார்ப்பதை விட்ட சுப்ஹான் பாய்

சுப்ஹான் பாய் முதல் தடவை என் தராசில் ஏறி நின்றபோது, என்னிடம் வேலை செய்யும், முதலாளியைத் தவுக்கே என்று கூப்பிடும் ஜெயபாலன் கேட்டான்:

“தவுக்கே, இத எதுல சேக்குறது? இரும்பா, செம்பா?”

“செம்புல போடுடா. வெல கூட வரும்,” என்றார் பாய்.

சொன்னாரே தவிர சிரிக்கவில்லை. சிவப்பாக எரியும் எண்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நூற்று அறுபத்து மூன்று கிலோ. இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினார். அதே எண். சட்டைப் பையிலிருந்த கைப்பேசி, சாவிக்கொத்து, சில்லறை எல்லாவற்றையும் என் கையில் கொட்டிவிட்டு இன்னொரு தடவை ஏறினார். எண் கொஞ்சம் அசைந்தது. அவ்வளவுதான்.

மலேசியாவின் ஜொகூரில், தெப்ராவில் தொழிற்சாலைகள் இருக்கும் பக்கம் நான் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். மலாயில் பெசி புரோக் கடை எங்கே என்று கேட்டால்தான் இங்கே ஆட்கள் வழி சொல்வார்கள். கார் எஞ்சின், உடைந்த ஏர்கோன், இரும்புக் கட்டில் என்று வருவதையெல்லாம் நிறுக்கத் தரையோடு தரையாக ஒரு தராசு உண்டு. மனுஷனை நிறுக்க அதை வாங்கவில்லை. ஆனால் பாய்க்கு வேறு வழி இல்லை. அவர் வீட்டுத் தராசு நூற்றைம்பதுக்கு மேல் காட்டாது. ஏறினால் கோடு கோடாக எதையோ காட்டிவிட்டு அணைந்துவிடும். கிளினிக்குப் போகலாம். அங்கே ஒரு நர்ஸ் எடையைச் சத்தமாகப் படிப்பாள். அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் பாயின் கடையில் சாப்பிடுகிறவர்கள்.

பாயின் கடை என் கடைக்கு நாலு கடை தள்ளி, மூலையில் இருக்கிறது. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடையை இங்கே மாமாக் கடை என்பார்கள். அவருடைய வாப்பா ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர். பாய் பிறந்தது ஜொகூரில். இந்தியா அவருக்கு வெளிநாடு. கல்யாணம், மவுத்து என்று எப்போதாவது போய் வருவார், போன இடத்தில் கொசுவைத் திட்டுவார், திரும்பி வந்துவிடுவார். விடியும்போது சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் அவர் கடையில்தான் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் வாங்கிக் கட்டிக்கொண்டு போவார்கள். பத்து மணிக்கு மேல் சோறு, குழம்பு. சாயங்காலம் மீ கோரெங் நூடுல்ஸ், தே தாரிக் டீ. வருகிறவர்களைத் திட்டிக்கொண்டே பரிமாறுவது அவர் பழக்கம். தால்ச்சாவையும் மீன் குழம்பையும் கலந்து ஊற்றச் சொன்னால், “ரெண்டையும் கெடுக்கணும்னே வந்தியா?” என்பார். ஆனாலும் கேட்டபடி ஊற்றுவார்.

அவர் தன் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மேசையில் தட்டு வைத்து, கை கழுவி, பிஸ்மி சொல்லிச் சாப்பிடுவது நாளைக்கு ஒரு வேளைதான். அதுவும் கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போய். “ஒரு வேள திங்குறவனுக்கு இந்த ஒடம்பு. அல்லாஹ் குடுத்தது, நான் என்ன செய்ய?” என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் தலையாட்டிக்கொண்டிருந்தோம்.

உடம்பு பெருத்ததைப் பற்றி அவருக்குப் பெரிய கவலை எதுவும் இருந்ததில்லை. கவலை மூச்சைப் பற்றியது. தூங்கும்போது அவருக்கு மூச்சு நின்றுவிடும். குறட்டை திடீரென்று அறுந்து போகும். அவர் மனைவி மஹ்மூதா பக்கத்தில் படுத்துக்கொண்டு அந்த அமைதியைக் கேட்டபடி இருப்பார். கொஞ்சம் பார்த்துவிட்டு விலாவில் ஒரு குத்து விடுவார். பாய் தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவர் மாதிரி மூச்சை இழுத்துக்கொண்டு எழுவார். மூக்கில் மாட்டிக்கொள்ளும் இயந்திரம் ஒன்றைப் பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். தூக்கத்தில் அதைப் பிய்த்து எறிந்துவிடுவார். ஒரு நாள் காய்கறி ஏற்றிய வேனோடு சிவப்பு விளக்கில் நின்றவர் அப்படியே தூங்கிப்போனார், விளக்கு பச்சையான பிறகும் எழவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி எழுப்பினார். அதற்குப் பிறகு டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார்: இந்த எடையோடு இருந்தால் ஒரு நாள் நின்ற மூச்சு திரும்பி வராது.

மஹ்மூதாவின் தம்பி சயீத் சென்னையில் இருக்கிறார். அவர் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் இரைப்பையைச் சின்னதாக்கும் ஆப்பரேஷன் செய்துகொண்டு பாதி ஆளாகிவிட்டவர். அவர்தான் ஏற்பாடு செய்தார். அதே டாக்டர், அதே ஆஸ்பத்திரி. பேசுவதெல்லாம் தமிழ் என்பதால் பாய்க்கும் சம்மதம். ஆனால் டாக்டர் வீடியோவில் ஒரு நிபந்தனை போட்டார். கிளம்புவதற்கு முன் மூன்று வாரம் பத்தியம் இருந்து பத்துக் கிலோ இறக்க வேண்டும். எடைக்காக மட்டும் இல்லை. கொழுப்பு ஏறி வீங்கிய கல்லீரல் இரைப்பையின் மேல் மூடிக்கொண்டு கிடக்கிறது. அது சுருங்கினால்தான் கருவியை உள்ளே விட்டு வேலை செய்ய முடியும்.

“சுருங்கலன்னா?” என்று பாய் கேட்டாராம்.

“கத்தி வைக்க மாட்டேன். திருப்பி அனுப்பிடுவேன்.”

அதனால்தான் வாரம் ஒரு தடவை என் தராசு. எடையை அந்த ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் வினிஃப்ரெட் என்ற பெண்ணுக்கு மஹ்மூதா அனுப்ப வேண்டும்.

பாய் பத்தியத்தை ஆரம்பித்தார். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் ஒரு மாவைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். இடையில் மோர், தெளிந்த சூப், வேகவைத்த காய். தண்ணீரைக்கூட மடமடவென்று குடிக்கக் கூடாது, ஒவ்வொரு வாயாகக் குடித்துப் பழக வேண்டும். மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்திருந்தார்கள். குழாயில் வாய் வைத்து மூச்சை இழுத்தால் பந்துகள் மேலே எழும்ப வேண்டும். ஆப்பரேஷனுக்குப் பிறகு நெஞ்சில் சளி கட்டாமல் இருக்கவாம். பாய் கல்லாவில் உட்கார்ந்து அதை இழுப்பார். ஒரு பந்து எழும்பும். இரண்டாவது பாதியில் நின்று யோசிக்கும். மூன்றாவது அசையவே அசையாது.

“பாய், பேரனுக்கு வாங்குன சாமானா?” என்று ஒரு லாரி டிரைவர் கேட்டார்.

“ஆமா. நல்லா இருக்கான்னு பாக்குறேன். நீ காச வெச்சிட்டுக் கெளம்பு.”

இரவுச் சாப்பாடு நின்றுபோனது. மஹ்மூதா வீட்டில் அரிசி பொங்குவதையே நிறுத்திவிட்டார். அவரும் அதே சூப்பைக் குடித்தார். வாரம் முடிந்து பாய் என் தராசுக்கு வந்தபோது முகத்தில் ஒரு களை இருந்தது. ஏறினார். அரைக் கிலோதான் குறைந்திருந்தது.

“இல்ல,” என்றார்.

“என்ன பாய் இல்ல?”

“நாலு கிலோவாச்சும் எறங்கும்னு அந்தப் புள்ள சொல்லிச்சு. ஒன் தராசு பொய் சொல்லுது.”

எனக்குக் கோபம் வந்தது. பழைய இரும்புக்காரன் தராசு பற்றி ஊரில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாதா?

“பாய், ஆளுங்களுக்குக் கொறச்சுக் காட்டுதுன்னுதான் எல்லாரும் என்னய ஏசுவாங்க. கூட்டிக் காட்டுதுன்னு ஏசுற மொத ஆளு நீங்கதான்.”

“சோதிச்சுப் பாத்துரலாம்.”

போனார். பத்துக் கிலோ அரிசி மூட்டை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த நாலு கடைத் தூரத்தையும் நடந்து வந்தார். மூச்சு வாங்கியது. மூட்டையைப் போட்டார். தராசு பத்து என்றது. சாக்கின் கனத்துக்காகப் பத்துக்கு மேல் ஒரு புள்ளியும் சேர்த்துக் காட்டியது. மூட்டையை எடுத்துவிட்டு அவர் தராசின் மேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

“அப்ப எங்கேந்து வருது கனகு?” என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் கடையின் பின்பக்கம் மஹ்மூதா போனைப் பிடித்துக்கொண்டிருக்க, வினிஃப்ரெட் பேசினாள். நானும் அங்கே இருந்தேன்.

“அங்கிள், மறைக்காம சொல்லுங்க. வேற ஏதாச்சும் சாப்பிடுறீங்களா? திட்ட மாட்டேன்.”

பாய்க்கு முகம் சிவந்தது. “அல்லாஹ் மேல ஆணையா ஒரு பருக்கை சாப்புடல. எம் பொஞ்சாதிகிட்ட கேளு.”

“ஆமாம்மா,” என்றார் மஹ்மூதா. “வீட்டுல ஒண்ணுமே இல்ல. நானே பசியில கெடக்கேன்.”

அந்தப் பெண், உடம்பில் தண்ணீர் தேங்கியிருக்கலாம், ரத்தப் பரிசோதனை செய்து அனுப்புங்கள் என்றாள். அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் தேதியைத் தள்ளிவிட வேண்டியிருக்கும் என்றும் சொன்னாள். அந்த டாக்டரிடம் அடுத்த தேதி கிடைப்பதற்கு மாதக்கணக்காகும். போனை வைத்த பிறகு மஹ்மூதா பாயின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயபாலன்தான் விஷயத்தை உடைத்தான். அவன் கெட்டிக்காரன் என்பதால் இல்லை, வாய் நிற்காதவன் என்பதால். இரண்டு நாள் கழித்துப் பாயின் கடையில் பொட்டலம் வாங்கப் போனவன் திரும்பி வந்து சொன்னான்:

“தவுக்கே, பாய் டயட்டுன்னு சொல்றாரு. நான் பாக்க ஆட்டுக்கறிய கடிச்சிக்கிட்டு இருக்காரு லா.”

“சும்மா ஒளறாத.”

“அலமாக், கண்ணால பாத்தேன்! எலும்ப வேற உறிஞ்சினாரு.”

நான் எழுந்து போனேன். அவனும் பின்னாலேயே வந்தான். பாய் அடுப்படியில் நின்றிருந்தார். பெரிய பெரிய சட்டிகள் வரிசையாக இருந்தன. மஹ்மூதா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சமையல்காரர் அக்பர் ஓர் ஓரமாக நின்று பாயின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் நடப்பதுதான். குழம்பு இறங்கினால் பாய் வந்து உப்புப் பார்க்க வேண்டும். அவர் தலையசைத்த பிறகுதான் சட்டி முன்பக்கம் போகும்.

“பாய், கறி தின்னீங்களாமே?” என்றேன்.

“எவன் சொன்னான்?”

ஜெயபாலன் என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

“தின்னலடா! வெந்துச்சான்னு பாத்தேன்.”

“வாயிலதானே பாத்தீங்க?”

“பின்ன என்ன, காதுலயா பாப்பாங்க?”

“முழுங்கினீங்களா, துப்பினீங்களா?” என்று ஜெயபாலன் பின்னாலிருந்து கேட்டான்.

“ஹலாலான கறியத் துப்புவானாடா எவனாச்சும்? உப்புப் பாக்குறது எப்படிடா சாப்பாடாவும்?”

இதைச் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கோபம் உண்மையானது. அவருக்குச் சாப்பாடு என்றால் தட்டு, உட்காருவது, பிஸ்மி. அடுப்படியில் நின்றுகொண்டு வாயில் போடுவது வேலை. அதைச் சாப்பாட்டில் யாரும் சேர்க்க மாட்டார்கள். மஹ்மூதாவும் சேர்க்கவில்லை. வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கும் நானும் சேர்க்கவில்லை. அந்த வினிஃப்ரெட் சாப்பிடுகிறீர்களா என்றுதான் கேட்டாள். இல்லை என்பது அவரைப் பொறுத்தவரை சத்தியமான பதில்.

மஹ்மூதா வெங்காயக் கத்தியைக் கீழே வைத்தார். ஒரு பெரிய பிளாஸ்டிக் தட்டைக் கழுவி அடுப்பு மேடையில் வைத்தார்.

“நாளைக்கு ஒரு நாள் இப்புடிச் செய்யிங்க,” என்றார். “எப்பவும் போல உப்புப் பாருங்க. வாயில மட்டும் வெக்காதீங்க. வாயில வெக்கிறத அப்படியே இந்தத் தட்டுல வைங்க. ருசி அக்பர் பாக்கட்டும்.”

“என்ன புள்ள, வெளையாட்டா?”

“ஆமாங்க, வெளையாட்டுதான்.”

மறுநாள் நான் பத்து மணிக்கே போய்விட்டேன். பாய் முறைத்தார். ஆனால் சொன்னபடி செய்தார். ஆட்டுக்கறியில் ஒரு கரண்டி குழம்பு, மேலே இருந்து ஒரு துண்டு, அடியில் இருந்து ஒரு துண்டு. இரண்டும் ஒரே மாதிரி வேகாதாம். தால்ச்சாவில் ஒரு எலும்பு, கத்தரிக்காய். மீன் குழம்பில் ஒரு கண்டம் மீன் முட்டை. கணவாய் பிரட்டலில் இரண்டு வளையம், ரப்பர் மாதிரி ஆகிவிட்டதா என்று பார்க்க. பொரித்த கோழியில் பிய்த்த தோல், மொறுமொறுப்புப் பார்க்க. சம்பால். நெய்ச்சோற்றில் ஒரு பிடி, வெள்ளைச் சோற்றில் ஒரு பிடி. புது மாவில் போட்ட முதல் ரொட்டியில் பாதி. முட்டைக் குழம்பில் முட்டை வேண்டாம் என்று அவரே விட்டுவிட்டார், குழம்பு மட்டும். புதுத் தேயிலைப் பொட்டலம் பிரித்ததால் முதல் கிளாஸ் தே தாரிக். அதைத் தட்டில் ஊற்ற முடியாது என்பதால் கிளாஸோடு பக்கத்தில் வைத்தார்.

கை பழக்கத்தில் தானாகவே போனது. ஒவ்வொரு தடவையும் வாய்க்குப் பக்கத்தில் போய், மஹ்மூதாவைப் பார்த்துவிட்டுத் தட்டுக்குத் திரும்பியது. பதினொரு மணிக்குத் தட்டு நிறைந்து வழிந்தது. மஹ்மூதா இன்னொரு தட்டு வைத்தார்.

பாய் இரண்டையும் பார்த்தார். முன்னால் சோறு வாங்க வந்தவர்களின் தட்டுகளையும் எட்டிப் பார்த்தார். அவற்றில் எதுவும் இவ்வளவு பெரிதாக இல்லை.

“இது யாரு சாப்பாடு?” என்றார்.

“ஒங்க காலச் சாப்பாடு. மத்தியானத்துக் கொழம்பு இன்னும் எறங்கல.”

“சும்மா சொல்லாத.”

“நானா வெச்சேன்? ஒங்க கைதானே வெச்சிச்சு.”

அவர் என்னையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து என் எதிரில் உட்கார்ந்தார். அந்தக் கடையில் அவர் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். நாற்காலி முனகியது.

“ஒரு வேள திங்குறவன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்டா கனகு.”

“நானும் நம்பினேன் பாய்.”

“நீ எத வேணா நம்புவ.”

பிறகு என்ன செய்வது என்று பேச்சு வந்தது. “நோன்புல எப்புடிப் பாப்பீங்க?” என்று மஹ்மூதா கேட்டார். நோன்பு மாதத்தில் நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, வாய் கொப்பளித்துத் துப்பிவிடுவார். தொண்டைக்குள் ஒன்றும் இறங்காது. அதில் அவருக்கு ஒரு கஷ்டமும் இருந்ததில்லை. அதே மாதிரி இப்போதும் செய்யலாமே என்றார் மஹ்மூதா.

இரண்டு சட்டி வரைக்கும் முடிந்தது. மூன்றாவது சட்டியில் நாக்கு நுனியில் வைத்தது உள்ளே போய்விட்டது. கரண்டியும் இன்னொரு தடவை சட்டிக்குள் போனது. பாய் கரண்டியைக் கீழே வைத்தார்.

“நோன்புன்னா மனசு கட்டி நிக்கும். இது டாக்டர் சொன்னது. மனசு கேக்க மாட்டேங்குது,” என்றார். கரண்டியைத் துடைத்து அக்பரிடம் நீட்டினார். “நீயே பாரு.”

அக்பர் அதை வாங்கவில்லை. அவர் தொண்டியிலிருந்து வந்தவர். வந்த நாளிலிருந்து பாயிடம்தான் சமைக்கிறார். அரைப்பது, தாளிப்பது, கிண்டுவது எல்லாம் அவர். உப்பும் புளியும் மட்டும் அவர் கைக்கு வந்ததில்லை.

“மொதலாளி, எனக்குப் பயமா இருக்கு.”

“எனக்கு மட்டும் பயமில்லையா? பிடி.”

அன்றிலிருந்து பாய் அடுப்படிக்குள் போகவில்லை. கல்லாவில் உட்கார்ந்தார். மாவைக் கலக்கிக் குடித்தார், பந்தை இழுத்தார். முதல் நாளே ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். சாமான் ஏற்றும் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் மரியநாதன் இரண்டு வாய் வைத்ததுமே தலையைத் தூக்கினார்.

“பாய், இன்னிக்கு யாரு சமைச்சா? கொழம்பு வேற மாதிரி இருக்கே.”

“நல்லா இல்லியா?”

“நல்லா இல்லன்னு சொல்லல. புளி தூக்குது. ஒங்க கொழம்பு மாதிரி இல்ல.”

“அப்ப அது நல்ல கொழம்புதான். சாப்புடுங்க.”

இதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். ஆனால் கடையில் நடப்பதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குப் பத்தியத்தைவிடக் கஷ்டமாக இருந்தது என்று நினைக்கிறேன். பசி என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. “அந்தச் சட்டில என்ன நடக்குதுன்னு தெரியல” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாலைந்து நாள் கழித்து ஒருவர் ஆட்டுக்கறித் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்து கல்லாவில் வைத்தார். கடல் தண்ணி மாதிரி இருக்கிறது என்றார். அப்படி ஒன்று அந்தக் கடையில் நடந்ததில்லை. பாய் அவரிடம் மன்னிப்புக் கேட்டார், காசைத் திருப்பிக் கொடுத்தார், எழுந்து நேராக அடுப்படிக்குப் போனார். நான் ரொட்டியைப் பாதியில் விட்டுவிட்டுப் பின்னால் போனேன். மஹ்மூதா வாசலிலேயே நின்றுவிட்டார்.

அக்பர் சுவரோடு ஒட்டி நின்றார். பாய் கரண்டியை எடுத்தார். குழம்பைக் கலக்கி, அள்ளி, இடது உள்ளங்கையில் ஊற்றினார். சூடு. கையை ஆட்டவில்லை. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வாசனையை மூக்கால் இழுத்தார். அப்படியே நின்றார். மஹ்மூதா வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை.

பாய் குழாயைத் திறந்து கையைக் கழுவினார்.

“உருளக்கெழங்கு வெட்டிப் போட்டு கொதிக்க வுடு. தேங்காப்பால் கொஞ்சம் சேத்துக்க. அப்புறம் நீயே பாரு. ஒருதரம் இல்ல, அஞ்சு நிமிஷம் வுட்டு ரெண்டாந்தரம் பாரு. சூட்டுல உப்புத் தெரியாது.”

“சரிங்க மொதலாளி.”

“அழுவாதடா. அதுலயும் உப்புதான் இருக்கு.”

இரண்டாவது வாரம் முடிந்து தராசில் ஏறினார். மூன்றரைக் கிலோ இறங்கியிருந்தது. ஜெயபாலன் கை தட்டினான். பாய் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். மஹ்மூதா வினிஃப்ரெட்டைக் கூப்பிட்டு, தட்டு விஷயத்தை முழுக்கச் சொன்னார். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். இனிமேல் எல்லாரிடமும் ‘என்ன சாப்பிட்டீர்கள்’ என்று கேட்பதோடு ‘என்னென்ன வாயில் வைத்தீர்கள்’ என்றும் கேட்கிறேன் என்றாள். தேதியைத் தள்ளவில்லை.

ஆனால் முதல் வாரம் போனது போனதுதான். கிளம்புவதற்கு முந்தின நாள் கடைசியாக எடை பார்த்தபோது, ஆரம்பத்திலிருந்து ஏழரைக் கிலோதான் குறைந்திருந்தது. டாக்டர் கேட்டது பத்து.

“இன்னும் ஒரு வாரம் கெடச்சிருந்தா…” என்றேன்.

“கெடைக்கல. பிளேன் நாளைக்கு.”

“அங்க போயி முடியாதுன்னு சொல்லிட்டாங்கன்னா?”

“சொன்னா சொல்லட்டும். அங்கயே உக்காந்து எறக்குவேன். இங்க இருந்தா அக்பர் சட்டியத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்.”

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் ஆப்ரின் லீவு போட்டுவிட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்தாள். பாயும் மஹ்மூதாவும் சென்னைக்குப் போனார்கள்.

அதன் பிறகு நடந்ததை மஹ்மூதா போனில் சொன்னார். டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். கல்லீரல் சுருங்கியிருக்கிறது, ஆனால் இடது பக்க ஓரம் இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும் என்றார். முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி எடுக்கிறேன், அதுவரை அதே பத்தியம் என்றார். சயீத் தன் வீட்டில் தங்கச் சொன்னார். மலேசியாவிலிருந்து மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்று தெரிந்தால் அங்கே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பிரியாணிச் சட்டி வரும். வந்ததைத் தொடாமல் திருப்பினால் மரியாதை இல்லை. அதனால் பாய் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு லாட்ஜில் அறை எடுத்துக்கொண்டார்.

“லாத்தா, மச்சானுக்கு எங்க மேல என்ன கோவம்?” என்று சயீத் அக்காவிடம் கேட்டாராம்.

பாய் போனை வாங்கி, “கோவம் இல்லடா. ஒம் பொஞ்சாதி நல்லா சமைப்பா. அதான் பயம்,” என்று சொல்லியிருக்கிறார்.

அந்த ஒரு வாரமும் காலையும் மாலையும் ஆஸ்பத்திரி வளாகத்தையே சுற்றிச் சுற்றி நடந்தாராம். முதலில் ஒரு சுற்றிலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிறகு உட்காராமல் நடந்தார். அங்கே சமையல் வாசனை ஒரு தெருவையும் விடவில்லை, ஆனால் அது எதுவும் அவர் சட்டி இல்லை. அதனால் சுலபமாக இருந்தது என்று சொன்னார்.

இரண்டாவது ஸ்கேன் எடுத்த அன்று மத்தியானம் பாயே என்னைக் கூப்பிட்டார். நான் அவர் கடையில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“கனகு, சரின்னுட்டாரு. நாளைக்குக் காலையில.”

சோற்றிலிருந்து கையை எடுத்தேன். “சந்தோஷம் பாய்” என்று மட்டும் சொன்னேன்.

“எங்க இருக்க?”

“ஒங்க கடையிலதான்.”

“என்ன திங்குற?”

“ஆட்டுக்கறி.”

“எப்படி இருக்கு? மறைக்காம சொல்லு.”

“புளி கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கு பாய். உப்பு சரியா இருக்கு. மரியநாதன் ரெண்டாந்தரம் சோறு வாங்கிட்டாரு.”

“ம்.”

“வந்ததும் நீங்க பாத்துச் சரி பண்ணிக்கலாம்.”

“இல்லடா,” என்றார். குரலில் வருத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. “வந்தப்புறம் என் வயித்துல ஒரு முட்டைக்குத்தான் எடம் இருக்கும்னு டாக்டர் சொல்றாரு. எத்தன சட்டிய நான் பாக்குறது? அவன் கையே இருக்கட்டும். புளியும் அவன் இஷ்டம். ஜனங்க பழகிக்குவாங்க. இத அவங்கிட்ட நீ சொல்லாத, ஆப்ரின சொல்லச் சொல்லு. நீ சொன்னா வெளையாட்டுன்னு நெனப்பான்.”

“சரி பாய்.”

“ஆபரேஷனுக்கு முன்னாடி ஏதோ மயக்க டாக்டர் பாக்கணுமாம். மஹ்மூதா துஆ ஓதிக்கிட்டு இருக்கா. வெச்சுர்றேன்.”

நான் கை கழுவிவிட்டுக் கல்லாவுக்குப் போனேன். ஆப்ரினிடம் வாப்பா சொன்னதைச் சொன்னேன். அவள் எழுந்து அடுப்படிக்குள் போனாள். உள்ளே அக்பர் அடுத்த சட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்.